இறங்காத சோறு

டொக்டர் வினோஜா பரிசோதனை முடிவைக் கையில் எடுத்ததும் காலிதீன் கதிரையின் நுனிக்கு வந்தான்.

பக்கத்தில் மனைவி ஷாஹினா. அவள் தோளில் சாய்ந்தபடி எட்டு வயது மகள் அஸ்மியா.

மூன்று கிழமைக்கு முன் இதே அறையில்தான் நூல் கட்டிய ஒரு குளிசையை அஸ்மியா விழுங்கினாள். ஆராய்ச்சிக்காக வந்த புதுப் பரிசோதனை என்றார்கள். நூலின் மறுநுனியைக் கன்னத்தில் ஒட்டி, ஒரு மணி நேரம் வைத்திருந்து இழுத்தெடுத்தார்கள். உணவுக்குழாயில் ஊறிய அந்த நூல் கொழும்புக்குப் போனது.

"உணவுக்குழாய் உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு," என்றார் டொக்டர். "ஒவ்வாமை வந்தா ஒரு வகை வெள்ளை அணு அங்க போய்ச் சேரும். அது விடுற புரதம் நூல்ல நிறைய இருக்கு. கொழும்புல வாய்க்குள்ளால கமரா விட்டுப் பார்த்து ஒருக்கா உறுதிப்படுத்துவம். பால்லதான் எனக்குச் சந்தேகம்."

பால்.

மெலிந்த பிள்ளை தேறட்டும் என்று காலையில் ஒரு கோப்பை, படுக்கும்போது ஒரு கோப்பை. அவள் குடித்து முடியும் வரை காலிதீன் பக்கத்திலேயே நிற்பான்.

"அப்ப, சாப்பாட்ட விழுங்காமத் துப்புறது புள்ளையிட பிடிவாதம் இல்லையா?" என்றான்.

டொக்டர் இல்லை என்று தலையை அசைத்தார்.

காலிதீனுக்குப் போன ஹஜ்ஜுப் பெருநாள் கண்ணுக்குள் வந்தது. அவனுடைய மூத்த சகோதரர், நானா வீட்டில் எல்லோரும் சஹன் என்ற ஒரே பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி இருந்தார்கள். இறைச்சித் துண்டு தொண்டையில் நிற்க, அஸ்மியா ஓங்களித்து எல்லாவற்றையும் சஹனுக்குள்ளேயே துப்பினாள்.

அத்தனை பேர் முன்னாலும் அறைந்தான்.

"வாப்பா, இறங்குதில்ல," என்று அவள் அழுதது, சாப்பிடாமல் இருக்கச் சொல்லும் சாட்டாகத்தான் அவனுக்குப் பட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷாஹினாவை ஏசினான். அவள் கொடுக்கும் செல்லம்தான் காரணம் என்றான். அவள் ஒரு நாளும் பிள்ளையை அவசரப்படுத்தியதில்லை. சோறு ஆறிப் போனாலும், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீரை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள்.

"இது குடும்பத்துல வாறதும் உண்டு," என்றார் டொக்டர். "உங்க வீட்டுல வேற ஆருக்கும் சாப்பாடு அடைக்கிறதா?"

"இல்ல டொக்டர்," என்றான் காலிதீன் உடனே. "அப்படி ஆரும் இல்ல."

ஷாஹினா முந்தானையை இழுத்துவிட்டாள்.

"எனக்கு இருக்கு."

காலிதீன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"சின்ன வயசுல இருந்தே. தண்ணி குடிக்காட்டி இறங்காது. இறைச்சியச் சும்மா மென்டுட்டுத் துப்பிருவன்." அவள் குரல் தாழ்ந்தது. "எல்லாருக்கும் இப்படித்தான் எண்டு நினைச்சன்."

டொக்டர் இன்னொரு தாளை எடுத்து அவளுடைய பெயரை எழுதினார். எழுதிக்கொண்டே காலிதீனிடம் கேட்டார்.

"இவங்க ஒரு நேரச் சாப்பாட்ட முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"



கலியாணம் முடித்துப் பதினொரு வருசம். அவன் சாப்பிட்டுக் கை கழுவும் வரை ஷாஹினா கறி ஊற்ற ஆணச் சட்டியோடு நிற்பாள். பிறகு அவன் எழும்பிக் கடைக்குப் போய்விடுவான்; அவள் சாப்பிட்டு முடிப்பதை ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லை.

டொக்டர் பேனையைப் பிடித்தபடி காத்திருக்க, அவன் ஷாஹினாவிடம் திரும்பி, "எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டான்.