கேமரா திறக்க மாட்டேங்குது

“கம்பெனி கேமராவை இந்தப் போன்ல தொறந்தா வெறும் வட்டந்தான் சுத்துதுங்க. படம் வர்றதுக்குள்ள தைக்கற பொண்ணுங்க டீ குடிச்சு, ஊர்க்கதையும் பேசி முடிச்சுருவாங்க!” செல்போன் கடைக்காரரிடம் பொருமினார் பனியன் கம்பெனி முதலாளி கிட்டுசாமி.

“பழைய போனுங்க. அப்டேட் போடப் போட ஸ்லோவாத்தான் ஆகும். யாருங்க போடறது?”

“எம்பையன் தரணிதானுங்க. மேனேஜரா இருந்து கம்பெனியையும் பாத்துக்கறான், அப்பன் போனுக்கு மறக்காம அப்டேட்டும் போட்டுடறான். தங்கமான பையனுங்க.”

புதுப் போன் வாங்கினார். கேமரா சட்டென்று திறந்தது. பெண்கள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அறையில், மேசைமேல் காலை நீட்டி, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது தங்கம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த தரணி, உழைத்துக் களைத்தவன்போல் சோம்பல் முறித்துவிட்டுக் கையை நீட்டினான்.

“புதுப் போனுங்களாப்பா? குடுங்க, அப்டேட் போட்டுத் தர்றேன்.”