வாயிற்சோதனை

“ஊதுலே.”

முனியராஜ் ஊதினான். வாயிற்காவலர் ஊர்க்காவலனின் முகம் இறுகியது.

“இன்னொரு மட்டம்.”

மீண்டும் ஊதினான். காவலர் கையை நீட்டி வழியை மறித்தார்.

“குடிச்சிருக்க. வீட்டுக்குப் போ.”

எம். புதுப்பட்டிக்கு மேற்கே, கரிசலின் நடுவே இருந்த அந்தப் பட்டாசு ஆலையில் இது நாள்தோறும் நிகழ்வது. காலையில் ஆண்கள் ஒவ்வொருவரும் காவலர் முகத்தில் ஊதிய பின்னரே உள்ளே செல்லலாம். முனியராஜ் வெடிமருந்து கலப்பவன். அவன் கை சற்றே தடுமாறினாலும் நாற்பது உயிர்கள் கரியாகும். முன்பே ஒருமுறை பிடிபட்டவன். இன்றும் பிடிபட்டால் வேலை போய்விடும். தீபாவளிக்கோ இரண்டு மாதமே இருந்தது.

“எம்பிள்ளை மேல சத்தியம் அண்ணாச்சி. தொடவேயில்ல.”

முந்தின நாள் அச்சங்குளத்தில் அவனுடைய மைத்துனனுக்குத் திருமணம். கல்யாண வீட்டில் பாயசம் மட்டுமா ஊற்றினார்கள் என்று வரிசையில் ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். முனியராஜின் கண்கள் கலங்கின.

போர்மேன் சங்கரபாண்டியன் விரைந்து வந்தார். கலக்க ஆளில்லாவிட்டால் வேலை நின்றுபோகும். அவரும் குனிந்து முகர்ந்தார். தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆயினும் இரண்டு ஆண்டுகளாக ஒருமுறைகூடத் தவறாத காவலரின் மூக்கை மறுத்துப் பேச அவருக்குத் துணிவில்லை. திரி வெட்டும் வெள்ளைத்தாயைக் கூப்பிட்டார்.

“முப்பது வருசம் குடிகாரனோட குடும்பம் நடத்துன மூக்கு இது” என்றபடி அவள் முகர்ந்தாள். “பல்பொடி வாடைதான் அடிக்கி. வேற ஒரு எளவும் இல்ல.”

ஊர்க்காவலன் ஏற்கவில்லை. பிராந்தி வாடை தமக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று சாதித்தார். குரல் உயர்ந்தது, நெற்றியில் வியர்வை அரும்பியது.

வெள்ளைத்தாய்க்குச் சினம் மூண்டது.

“அப்ப நானும் குடிச்சிருக்கேனான்னு பாருங்க” என்று அவர் முகத்துக்கு நேரே ஊதினாள்.

அவர் ஓரடி பின்வாங்கினார்.

அதே வாடை.

வாழ்நாளில் ஒரு துளியும் தீண்டாதவள் அவள் என்பதை அவர் அறிவார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றிப் போர்மேனிடம் நீட்டினார்.

“முனியராஜை உள்ள விடுங்க. திரும்பிப் போக வேண்டியது நான்.”

போர்மேன் திகைத்தார். “நீங்க குடிச்சிருக்கீகளா அண்ணாச்சி?”

“இன்னும் இல்ல. இல்லாத வாடை எப்ப அடிக்குதோ அப்பவே ஓடி வந்துரணும்னு சொல்லித்தான், ரெண்டு வருசத்துக்கு முன்னால மதுரைக் குடிநோய் ஆஸ்பத்திரியில என்னைய வீட்டுக்கு அனுப்புனாக.”