கரையில் ஈரம்

"குளத்தம்மா மறுபடி போன் பண்ணாங்க, மேடம். கரையில தண்ணி கசியுதாம்," என்றார் கிளார்க்.

இரண்டாவது புகார். போன முறை ஈரம் காய்ந்திருந்தது. பொறியாளர் வந்த காலோடு திரும்பிவிட்டாள். படகு விடவும் நீந்தவும் குளத்தம்மா தோட்டத்தில் வெட்டிய குளத்துக்குக் கட்டிய சின்ன மண் அணைதான். ஆனாலும் கசிவு என்றால் அலட்சியமாக இருக்க முடியுமா? போட்டது போட்டபடி கிளம்பினாள்.

குளத்தம்மா வாசலிலேயே காத்திருந்தாள். "வாங்க என்ஜினீயரம்மா! இந்தத் தடவை நல்லாப் பாருங்க."

கரையின் வெளிச்சரிவில் ஓரிடம் சொதசொதவென்று இருந்தது. பொறியாளர் மண்டியிட்டுத் தோண்டினாள். மேலேதான் ஈரம், இரண்டு விரற்கடை கீழே காய்ந்த மண். ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். சோப்பு வாசனை!

"அம்மா, இது கசிவு இல்லை. யாரோ துணி அலசின தண்ணியக் கொட்டியிருக்காங்க."

"நான்தான் கொட்டினேன்."

"எதுக்கு? கசிவுன்னு உறுதியாகியிருந்தா குளத்தையே வடிக்கச் சொல்லியிருப்பேன், தெரியுமா?"

"வடிச்சா வடிச்சிட்டுப் போ. கசியுதுன்னா அரை மணியில ஓடி வர்றே. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடின்னு பெத்தவ கூப்பிட்டா மட்டும் உனக்கு வேலை தலைக்கு மேல!"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண் கையோடு அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"கசிவெல்லாம் இல்லைங்க. ஆனா எனக்கு அரை நாள் லீவு போட்டுடுங்க."