காளியண்ணன் பண்ணாத சத்தியம்

"காளியண்ணா, கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. குடிக்கலேன்னா குடிக்கலேன்னு சொல்லிட்டுப் போ. இதுல என்ன யோசனை?"

சம்பந்தி அர்த்தனாரிக் கவுண்டர் அதட்டினார். மலைமேல் வாழவந்தி நாட்டுக்கே அவர்தான் பெரியவர். நாளை மறுநாள் அவர் மகன் மாதேஸ்வரனுக்கும் காளியண்ணன் மகள் முனியாயிக்கும் கல்யாணம்.

காளியண்ணன் அசையவில்லை. கோயில் வாசலில் இலைமேல் கற்பூரம் குபுகுபுவென எரிந்தது. கூட்டத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எங்கிருந்து அணைப்பான்? கண்ணைப் பாருங்க, மஞ்சளைக் கரைச்சு ஊத்துனாப்பல!"

"கள்ளுக்கடையெல்லாம் சர்க்கார் மூடி வருசம் ஒண்ணாச்சு. இவன் மட்டும் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி இறங்கிப் போறானே, அங்கென்ன பூசையா பண்றான்? ஏறி வாரப்ப தள்ளாட்டம் வேற!"

"ஈரல் வெந்து போச்சுங்க. குடிகாரப் பய!"

முனியாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்பா, அணைச்சிருப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும், அணைச்சிரு!"

காளியண்ணன் மகளைப் பார்த்தார். கையைத் தூக்கினார். அப்புறம் அதை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க."

போச்சு! மலை வழக்கப்படி, சத்தியம் பண்ண மறுத்தவன் குற்றத்தை ஒத்துக்கொண்டவன். வேறு பேச்சே கிடையாது.

"பொண்ணு மேல குத்தமில்ல, கல்யாணம் நடக்கட்டும்," என்றார் அர்த்தனாரி. "ஆனா நீ பந்தல்ல கால் வைக்கக் கூடாது. பொண்ணை உன்ற தம்பி புடிச்சுக் குடுக்கட்டும்."

தாயில்லாத மகளைத் தோளில் போட்டு வளர்த்த மனுசன், சரியென்று தலையை ஆட்டினார். முகத்தில் நிம்மதி வேறு! அதைப் பார்த்து ஊருக்கு இன்னும் எரிந்தது.

"வெக்கங்கெட்ட ஜென்மம்!"

வீட்டுக்கு வந்ததும் முனியாயி வெடித்தாள்.

"அந்தச் சாராயம் என்னைவிடப் பெருசாப் போச்சா? எங்கப்பன் உசுரோட இருக்கறப்பவே சித்தப்பன் கையைப் புடிச்சுக்கிட்டு நான் மணவறைக்குப் போகோணுமா? சொல்லுப்பா!"

காளியண்ணன் காட்டுப் பக்கம் போய்விட்டார். பின்னாலேயே வந்த மாதேஸ்வரன் வாசலில் நின்றான்.

"அவரைத் திட்டாத புள்ள. உங்கப்பன் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல."

"அவருக்குப் பரிஞ்சு பேசாதீங்க!"

"நெசமாத்தான். காரவள்ளி வழியா அவரு போனது ஆஸ்பத்திரிக்கு. போன மாசம் என்னையும் கூட்டிட்டுப் போனாரு. ஈரல்ல ஒரு கோளாறும் இல்லியாம். ரத்தத்துல குறையாம். அது உள்ளுக்குள்ளயே உடைஞ்சு உடைஞ்சு கண்ணு மஞ்சளாகுதாம். தள்ளாட்டமும் அதனாலதான். ரொம்ப அபூர்வமா வார நோயாம்."

"அட சாமி! அப்ப அதை ஊரறியச் சொல்லிச் சத்தியம் பண்றதுக்கென்ன?"

"குடிக்கலேன்னு சத்தியம் பண்ணினா, அப்ப கண்ணு ஏன் மஞ்சளாச்சும்பாங்க. நோயின்னு சொன்னா, வம்சத்துல வருமான்னு கேப்பாங்கல்ல? வரும்னுதான் டாக்டர் சொன்னாரு. வந்தாலும் நல்லாப் பொழைக்கலாம், புள்ள குட்டி பெத்துக்கலாம்னும் சொன்னாரு. 'எல்லாத்தையும் உன்ற காதாலயே கேட்டுக்க மாப்ள, வேண்டாம்னா இப்பவே சொல்லிரு'ன்னாரு உங்கப்பன். எனக்கு நீதான் வேணும்னுட்டேன். ஆனா எங்கப்பன் காதுக்குப் போனா கல்யாணம் அன்னிக்கே நின்னுரும்."

"எதுக்கு நிக்கோணும்? எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கறேன்!"

மாதேஸ்வரன் சுவரில் தொங்கிய சின்னக் கண்ணாடியைக் கழற்றி, அவளை வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து, முகத்துக்கு நேரே பிடித்தான்.

"உன்ற கண்ணைப் பாரு புள்ள, லேசாத் தெரியுதா? ஊரு அவரு கண்ணையே பாத்துக் காறித் துப்பிக்கிட்டிருந்தாத்தான், உன்ற கண்ணைப் பாக்காதாம்."