பத்தரைக்குள் தட்டு

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் நிச்சயத் தட்டு மாறாவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அப்பா வெங்கடேசன் கறாராகச் சொல்லியிருந்தார். அவர்கள் வேனோ திருக்கோவிலூரில் பஞ்சராகித் தாமதமாகத்தான் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தது.

கூடத்துக் கடிகாரம்தான் கணக்கு. அதில் பத்து இருபத்திரண்டு. பெண்ணின் அப்பா, ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் தீனதயாளன் மட்டும் பதறவே இல்லை.

"எட்டு நிமிஷம் முழுசா இருக்குதுங்க சம்பந்தி. சூரியன்லேர்ந்து வெளிச்சம் பதினஞ்சு கோடி கிலோமீட்டர் ஓடியாற எட்டு நிமிஷ சொச்சந்தான். முட்டை வேவறதுக்கும் அதே எட்டுதான். முழு சூரிய கிரகணமே ஏழரை நிமிஷத்துக்கு மேல நிக்காது. ஒரு தட்டு இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு வராதா இன்னா?"

பத்து இருபத்தொன்பதுக்குத் தட்டு மாறியது.

அடுப்படியில் மனைவி லட்சுமியம்மாள் அவர் காதைக் கடித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கடிகாரத்த நான்தான் பத்து நிமிஷம் பின்னால தள்ளி வெச்சேன்."

"நீயுமா? பஞ்சர்னு போன் வந்ததுமே நான் பத்து நிமிஷம் தள்ளிட்டேனே."

பின்னால் செருமல் கேட்டது. தண்ணீர் கேட்டு வந்த வெங்கடேசன் நின்றிருந்தார்.

"அப்ப மொத்தம் அரை மணிங்க சம்பந்தி. நீங்க காபி எடுக்க உள்ள போனப்ப நானும் பத்து நிமிஷம் தள்ளிட்டேன். இந்தப் பொண்ண வுட மனசு வர்லீங்க."