விட்ட சுரம்

வெர்மான்ட்டில் எங்கள் ராக் குழு பிரிந்து இருபத்திரண்டு வருடம். கடைசிக் கச்சேரியில் ஒரே பாட்டை மூன்று நாள், சரி, மூன்று மணி நேரம் வாசித்து, முடிக்காமலே சண்டையில் பிரிந்தோம். முடிக்காத பாட்டை விட்ட சுரத்திலிருந்தே தொடர்வது எங்கள் வழக்கம். நாளை மறுபடி ஒன்றுசேர்ந்து வாசிக்கிறோம்; ரசிகர்கள் அதற்காகவே வருகிறார்கள். அன்றைய மழையில் ஒலிப்பதிவு எதுவும் தேறவில்லை.

பழைய வாத்தியங்களைப் போட்டுவைத்த என் கொட்டகையைத் திறந்ததும் டிரம்ஸ்கார வென்டெல் மறுபடி கேட்டான்: "எந்த சுரம்டா, கிழவா?"

"பொண்டாட்டி பேரே மறந்துபோச்சு. போடா."

அந்தக் கச்சேரிக்குப் பிறகு தொடாத என் பழைய ஆம்ப்ளிஃபயரில் எலிகள் ஒரு மாநகரமே கட்டியிருந்தன. மின்சாரம் கொடுக்க ஒயரை எடுத்தேன். அதற்குள் வென்டெல் பெட்டியின் மேல் கை வைத்தான்.

"சூடா இருக்குடா."

குனிந்து கேட்டேன். ஒரே சுரம், மெல்லிதாக, விடாமல்.

"இதேதான்," என்றான் வென்டெல்.

பிளக் இன்னும் என் கையில்தான் இருந்தது.