இடது ஓரம்

"இந்த இடுப்போட இன்னிக்கும் ஓடப் போறீங்களா?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார் கணவர்.

"மெதுவாத்தான் ஓடுவேன்."

"பிசியோதெரபி அம்மா என்ன சொன்னாங்க?"

அவர் குதிகாலை ஷூவுக்குள் அழுத்தினார்.

அந்தம்மா சொன்னது சின்ன விஷயம்தான். ரோடு நடுவில் மேடாக இருக்கும், ஓரத்தில் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். கோணல் பாரத்தை இடுப்பு எவ்வளவு நாள் தாங்கும்? முதலில் ஓய்வு. அப்புறம் ஓடினாலும் ஓரத்தை மாற்றி மாற்றி ஓட வேண்டும். இல்லையென்றால் எலும்பில் கீறல் விழும், நிற்பதே பெரும்பாடாகிவிடும்.

நின்றால்தான் அவருக்குத் தொழில். சலூனில் ஒரு நாற்காலி, அதைச் சுற்றி நாள் முழுக்க அவர். நேற்று ஒருவருக்குப் பாதி முகம் சோப்பு நுரையோடு இருக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம்.

"ஓய்வுதான் எடுக்கலை. ஓரத்தையாவது மாத்துங்களேன்."

"முடியாதும்மா."

"ஏன், எதிர் ஓரத்துல முள்ளைக் கொட்டி வெச்சிருக்கா?"

அவர் லேஸைக் கட்டினார்.

"பாட்டு வாத்தியார் உத்தரவா? அவர் போற பக்கம்தான் நீங்களும் போகணுமா?"

"அவர் ஒண்ணும் சொல்லலை."

பாட்டு வாத்தியார் அடுத்த தெரு. இவருடைய ஓட்டக் கூட்டாளி. பேச்சு நடக்கும்போதே வாசலுக்கு வந்து, ஜன்னலுக்கு இடது தோளைக் காட்டியபடி கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ ராகம்.

தூங்குகிற குழந்தை எழுந்துவிடுமே என்று அவள் ஜன்னல் வழியே தணிந்த குரலில் கூப்பிட்டாள். "அண்ணே..."

அவர் திரும்பவில்லை.

"அண்ணே, உங்களைத்தான்!"

ராகம் நிற்கவில்லை.

"பார்த்தீங்களா? கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறார். ஏன்னு ஒரு வார்த்தை கேட்கிறாரா? போன வாரம் கடையிலயும் இதே கதை. நான் பாட்டுக்கு சௌக்கியமான்னு கேட்கிறேன், மனுஷன் வெங்காயம் பொறுக்கிட்டு இருக்கார். முடி வெட்டுறவன் பெண்டாட்டிதானேன்னு இளக்காரம்! இந்தக் கர்வம் பிடிச்ச ஆளுக்காக நீங்க இடுப்பை ஒடைச்சுக்கணும். இருங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

அவள் கதவருகே போவதற்குள் கணவர் காலை இழுத்துக்கொண்டு வந்து கையைப் பிடித்தார்.

"வேண்டாம். அவருக்கு இடது காது கேட்கலை."

அவள் அப்படியே நின்றாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. போன தடவை முடி வெட்டும்போது இடது பக்கம் நின்னு தலையைச் சாய்ங்கன்னேன். சும்மா இருந்தார். வலது பக்கம் போய்ச் சொன்னேன், சாய்ஞ்சார். அப்புறம் பார்த்தா, நான் பேசப் பேச கண்ணாடியில என் வாயையே பார்த்துட்டு இருக்கார்."

"நேராக் கேட்டுட வேண்டியதுதானே?"

"காது போச்சுன்னு தெரிஞ்சா பாட்டு கத்துக்கப் பிள்ளைங்களை யார் அனுப்புவாங்க? அவரே மூடி மறைக்கிறார். எனக்குத் தெரியும்னு எப்படிக் காட்டிக்கிறது?"

"அதுக்கும் நீங்க ஓரம் மாறாததுக்கும்..."

"அந்த ரோடு முழுக்க வளைவு. வண்டி கண்ணுல படறதுக்கு முந்தி காதுலதான் விழும். இடது ஓரமாப் போனா ரோடு அவரோட நல்ல காதுப் பக்கம் இருக்கும். எதிர் ஓரம் போனா?"

அவள் ஜன்னல் வழியே வாத்தியாரின் இடது காதைப் பார்த்தாள்.

"நான் படுத்துட்டா அவர் தனியா ஓடுவார். எந்த ஓரமா ஓடுறார்னு யார் பார்க்கிறது?"

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஷூவைத் தேடினார். அவள் குனிந்து அதை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டாள். இடுப்பில் நேற்றைவிட வீக்கம் கூடியிருந்தது. தடவிப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

வாத்தியாரின் முதுகைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்றாள்.

"அண்ணே, சௌக்கியமா?"

"அடடே, வாம்மா! எங்கே நம்ம ஆளு?"

"வர்றார். இடுப்பு வலி அவருக்கு. கொஞ்ச நாளைக்கு ஓட்டம் வேண்டாம், ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நடந்துட்டு வாங்களேன்."

"அதுக்கென்ன, நடந்தாப் போச்சு!" என்று சிரித்தார் வாத்தியார்.

கணவர் நொண்டியபடி வந்து அவருக்கு வலது பக்கம் சேர்ந்துகொண்டார். இருவரும் நாலடி போனதும் அவள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். குழந்தை எழுந்தாலும் பரவாயில்லை என்று, சத்தமாகவே.

"இடது ஓரமாவே போங்க!"